வேன் அங்கிளுக்கு வந்த விமர்சனங்கள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மின்விசிறிக் காற்று அந்த மூலைக்கு எட்டாது. தேநீரைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். ஒரு சினிமாவை நாலு பேர் எப்படி மெச்சினார்கள், அந்த மெச்சுதலை நான் என்ன செய்தேன் என்று ஒன்று விடாமல் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் மரியநாதன் லாயாங் லாயாங் ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். வீட்டில் பேச்சு குறைவு. சோறு போடவா என்றால் தலையை ஆட்டுவார். அது வேண்டுமா வேண்டாமா என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். சர்க்கரை வியாதியில் கண் மங்கியதும் வேனை ஓரங்கட்டினார். அந்தச் சமயம் பார்த்து லோஷினி என்றொரு பெண் கோலாலம்பூரிலிருந்து கேமராவோடு வந்து இறங்கினாள். பள்ளிப் பையன்கள், முதல் காதல், ஒரே கூத்து. அதுதான் அவள் படம். கையில் காசில்லை. நடிகர்களுக்குக் கூலியே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம்தான். வேன்காரராக நடிக்க என் வீட்டுக்காரரையே பிடித்துக்கொண்டாள். வேன் நின்ற இடத்தில் நிற்கும். ஓடுவதுபோலத் தெரிய நாலு பேர் பின்னாலிருந்து ஆட்டுவார்கள்.

குளுவாங் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தோம். காதலில் தோற்று அழும் பையனுக்கு இவர் ஆறுதல் சொல்கிற கட்டம் வந்தது.

“அழுவாதடா. எனக்கும் ஒருத்தி கெடைக்காம போனா. அவ தப்பிச்சிட்டா. கெடைச்சவதான் பாவம், வீட்டுல பேசிக்கிட்டே இருக்கா.”

தியேட்டரே குலுங்கியது. நானும் சிரித்தேன். அதை லோஷினி எழுதவில்லையாம், அவராகவே சொன்னாராம். எனக்குக் கோபமே இல்லை. வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் அந்தக் குரலை நான் கேட்டதில்லையே என்றுதான் பட்டது.

பிறகு விமர்சனங்கள் வந்தன. ஞாயிறு பத்திரிகையில் ஒலி சரியில்லை, இரண்டாம் பாதி இழுவை, ஆனால் வேன் அங்கிள் வரும்போதெல்லாம் படம் எழுந்து உட்காருகிறது என்று எழுதினார்கள். பினாங்குப் பையன் ஒருவன் யூடியூபில் அவரைப் பற்றியே பேசித் தீர்த்தான். இவரால் வாசிக்க முடியாது. கைப்பேசி என்னிடம்தான். நான் வாசித்துக் காட்டினேன்.

“ஒலி சரியில்லையாம். ரெண்டாம் பாதி இழுவையாம்.”

“என்னப் பத்தி ஏதும் போட்டிருக்காங்களா?”

“ஒன்னும் இல்லீங்க.”

“தியேட்டர்ல சிரிச்சாங்களே.”

“நம்ம ஊரு ஆளுங்கதானே. பக்கத்துல நீங்க உக்காந்திருக்கீங்க, சிரிக்காம என்ன செய்வாங்க?”

புகழ் தலைக்கேறினால் சர்க்கரையும் ஏறும் என்று பயந்தேன். அடுத்த விமர்சனத்தில் நானே ஒரு வரி சேர்த்து வாசித்தேன்: வேன்காரராக வருபவர் இன்னும் கொஞ்சம் இயல்பாக நடித்திருக்கலாம். தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்புறம் மகள் அபிகெயில் எங்களை இந்தச் செடெனாக் ஊருக்கு அழைத்து வந்துவிட்டாள். அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை; விடியுமுன் கிளம்புவாள், தமிழ்ப் படத்தின் பக்கமே போகமாட்டாள். இங்கே எங்களை யாருக்கும் தெரியாது. அப்போதுதான் லோஷினி அழைத்தாள். அடுத்த படத்தில் அங்கிள்தான் கதாநாயகன், அவரை நினைத்தே எழுதியிருக்கிறேன், போனைக் கொடுங்கள் ஆண்ட்டி என்றாள். அவர் உள்ளே சட்டைப் பொத்தானைத் தடவித் தடவிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அவரு இறந்துட்டாரும்மா,” என்றேன். “அடக்கம் எல்லாம் ஆயிருச்சு.”

பாவம், பிள்ளை தேம்பித் தேம்பி அழுதாள். நான்தான் தேற்றினேன்.

செய்தி பரவியது. இழுவை என்று எழுதியவர்கள் கூட எழுதியதை மாற்றி எழுதினார்கள். பழைய ஊர்க்காரர்கள் அனுதாபம் அனுப்பினார்கள். எல்லாருக்கும் நன்றி சொன்னேன். ஜொகூர் பாருவில் ஒரு மண்டபம் எடுத்துப் படத்தைத் திரும்பப் போட்டார்கள். அவர் புகைப்படத்துக்கு மல்லிகை மாலை. எனக்குச் சால்வை போட்டார்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன். மண்டபமே சிரித்தது, அழுதது. தியேட்டரில் அவருக்குக் கேட்ட கைத்தட்டலை விடக் கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

அங்கே கொடுத்த பிரியாணியை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ருசியாக இருக்கிறதே, எங்கே வாங்கினாய் என்றார். கோயில் விருந்து என்றேன். அந்தச் சால்வையைத்தான் இப்போது போர்த்திப் படுக்கிறார்.

சாயங்காலம் ஆனால் சுவரைப் பார்த்து அந்த வேன்காரர் வசனத்தை மெல்லச் சொல்லிப் பார்ப்பார். இன்னும் இயல்பாகச் சொல்லப் பழகுகிறாராம். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தப் புள்ள கூப்பிட்டுச்சா?” என்பார். இல்லை என்பேன். எவ்வளவு நிம்மதியான வாழ்க்கை பாருங்கள்.

உங்களைக் கிட்ட அழைத்தது காற்றுக்காக மட்டுமில்லை, கண்ணுகளா. உள்ளறையில்தான் இருக்கிறார். காது நன்றாகக் கேட்கும்.

தேநீரை முடியுங்கள். உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் கண் மங்குகிற காலத்தில், பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்ட என்னைப் போல் பாசமுள்ள ஒருத்தியை ஆண்டவர் உங்களுக்கும் தரட்டும்.