சட்டைப்பைக்கு ஏற்ற கொப்பி

பெரியதம்பி எனக்குத் தரவேண்டியிருந்தது பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். அதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், முனாப் சேர். நாலு கொப்பியையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, ஒரு கூலிக்காரனுக்கு எதற்கு இத்தனை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். உங்கள் பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதிக்கொள்ளட்டும். நான் தமிழில் என் கையால் எழுதித் தருகிறேன். நாற்பத்திரண்டு வயதில் படித்த எழுத்து, மெதுவாகத்தான் வரும். உங்கள் பேனை நல்ல பேனை. அழுத்தினாலும் தாங்குகிறது.

சட்டைப்பையில் வைக்கிற கொப்பியைக் கடையில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. குனிந்தால் விழக்கூடாது. வியர்வையில் ஊறக்கூடாது. ஒரு கையில் கயிறு இருக்கும்போது மற்றக் கையால் திறக்க வரவேண்டும். இந்த மூன்றும் ஒன்றாக அமைவது லேசு இல்லை.

அந்தச் சிவப்பு அட்டைதான் முதலாவது. வருசப் பிறப்புக்கு ஒரு மருந்துக்கடையில் சும்மா கொடுத்தார்கள். முதுகில் பசை மட்டும்தான். அம்பிட்டியவில் ஒரு மழை அடித்தது, தாள் எல்லாம் கழன்று சேற்றில் கிடந்தன. சும்மா வந்தது சும்மா போனது.

இரண்டாவது, நடுவில் இரண்டு கம்பி குத்தியது. மகள் லோஜினி கலியாணம் முடித்துப் போவதற்கு முதல் வாங்கித் தந்தாள். எனக்கு எழுத்துச் சொல்லித் தந்ததும் அவள்தான். “அப்பா, அது மம்பட்டி இல்ல, பேனை. கொத்தாதீங்க” என்று சிரிப்பாள். என்ன செய்ய, முப்பது வருசம் மம்பட்டி பிடித்த கை. அந்தக் கொப்பியின் கம்பி வியர்வையில் துருப்பிடித்து என் சட்டையையும் கெடுத்தது. எழுத்துப் படிக்க நல்லது, வேலைக்கு ஆகாது.

எங்கள் வேலையைச் சொல்லவேண்டும். வீட்டுக் கூரைமேல் சாய்கிற மரங்களை வெட்டிக் கொடுப்போம். கொந்தராத்து எடுப்பவர் சந்திரகுமார். மரம் ஏறுவது பெரியதம்பி. நான் கீழே நிற்பேன், கயிறுகள் என் பொறுப்பு. கிளையை வெட்டிக் கயிற்றில் இறக்கும்போது சிலநேரம் அது துள்ளிவிடும். அப்படித் திடீரென்று ஒரு வெட்டு இழுப்பு வாங்கிய கயிறு வெளியே பார்க்கப் புதிதுபோல இருக்கும், உள்ளே நூல் அறுந்திருக்கும். கிளை இறக்கலாம், ஆள் ஏறக்கூடாது. அதற்காகச் சந்திரகுமார் ஒரு வழக்கம் வைத்தார். பின்னேரம் கயிறுகளைச் சாக்கில் போடும்போது ஒவ்வொன்றும் எப்படி என்று நான் எழுதவேண்டும். காலையில் ஏறுகிறவன் அதைப் படித்துவிட்டுத்தான் கயிறு எடுக்கவேண்டும்.

அதற்காகத்தான் மூன்றாவதை வாங்கினேன். கெலிஓயாவில் ஸெய்னுலாப்தீன் நானாவின் கடையில். மேலே சுருள் கம்பி, முன்னால் பிளாஸ்டிக் அட்டை, பின்னால் கடதாசி மட்டை. பெருவிரலால் தட்டினால் தாள் பின்னால் போய்விடும். மழைக்கும் தாங்கும். வேலைக்கு அதைவிட நல்ல கொப்பி இல்லை. ஒரு குறைதான் உண்டு. அதைப் பெரியதம்பிதான் எனக்குக் காட்டித் தந்தான்.

அவன் பெண்சாதி சுந்தரி பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்த மாதம் என்னிடம் வந்து நின்றான். கூரைத் தகரத்துக்கு என்று நான் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். கொப்பியின் கடைசித் தாளில் அவன் பேரையும் தொகையையும் எழுதினேன், அவன் கையெழுத்து வைத்தான். சேர், அதுவரைக்கும் நான் எழுதியதெல்லாம் கயிறும் கிளையும்தான். ஒரு மனுசன் என் எழுத்துக்குக் கீழே கையெழுத்து வைத்தது அன்றைக்குத்தான்.

பிள்ளை பிறந்து, குப்புற விழுந்து, உட்காரவும் தொடங்கிவிட்டது. மழைக்கு என் வீட்டில் சட்டி வைக்க இடம் போதவில்லை. ஒரு சம்பள நாளில் வேனுக்குப் பக்கத்தில் எல்லாரும் இருக்கும்போது கேட்டேன்.

“எவ்வளவுண்ணே?” என்றான்.

“எழுதியிருக்கு தம்பி.”

“கொண்டாங்க பாப்போம் கணக்கப்புள்ள.”

நான் கொடுத்தேன். அவன் கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தான். பிறகு ஒரே இழுவை. தாள் சத்தமில்லாமல் கையோடு வந்தது. வாள் மெசினில் இருந்த எண்ணெயை அதால் துடைத்துப் போட்டுவிட்டுக் கொப்பியைத் திருப்பித் தந்தான்.

“எங்க இருக்கு? காட்டுங்க. எழுத்துல இல்லாததுக்கு நான் பொறுப்பில்லண்ணே.”

எல்லாரும் சிரித்தார்கள். சந்திரகுமாரும் சிரித்தார். அவன் என் தோளில் தட்டி, “பகிடிக்கு, பகிடிக்கு. தருவேன்” என்றான். பகிடியாகவே இருக்கலாம். நான் கொப்பியை விரித்துப் பார்த்தேன். கம்பிக்குள் நாலு துணுக்கைத் தவிர ஒரு தாள் போன அடையாளமே இல்லை. கோபம் வரவில்லை, சேர். ஒரு பாடம் படித்த மாதிரித்தான் இருந்தது.

அடுத்த நாள் ஸெய்னுலாப்தீன் நானாவிடம் போய், தாள் கிழிக்க முடியாத கொப்பி இருக்கா என்று கேட்டேன். அந்தக் கறுப்பு அட்டையை எடுத்துத் தந்தார். “இது நூல்ல தெச்சது. ஒரு தாளக் கிழிச்செண்டா அதுட சோடியும் கழண்டு வந்துரும். மறைக்க ஏலா” என்றார். அதுதான் நாலாவது. அதன் முதல் பக்கத்தில் பெரியதம்பியின் கடனைத் திரும்ப எழுதினேன், கையெழுத்து இல்லாமல். என்னை யாராவது கேட்டால் நூல் தைத்ததைத்தான் வாங்கச் சொல்வேன்.

அப்படியென்றால் கயிற்றுக் கணக்கை ஏன் அதற்கு மாற்றவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். சுருள் கம்பியில் இன்னும் தாள் மிச்சம் இருந்தது, வீணாக்குவானேன் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் அம்பிட்டியவில் ஒரு அல்பீசியா மரம். பெரியதம்பி லீவு. பதிலுக்கு ஏறியது யுகேஷ், அன்றைக்கு மட்டும் கூப்பிட்ட பையன். பெரிய கிளை ஒன்று துள்ளியது. பச்சைக் கயிறு என் கையில் வெட்டி இழுத்தது, உள்ளங்கை பற்றி எரிந்தது. “அண்ணே, பெருசா இழுத்துச்சா?” என்று யுகேஷ் மேலேயிருந்து கேட்டான். “எழுதிக்கிறேன்” என்றேன். எழுதவும் எழுதினேன். பச்சை, ஆள் ஏறக்கூடாது. பெரிய எழுத்தில், அழுத்தி. அந்த நேரம் நான் என் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்து பிளேன்டீ குடித்தேன். கூரை ஒழுகிய இடத்தில் சுவர் கறுத்திருந்தது. கொப்பியை எடுத்து அந்தத் தாளைக் கிழித்தேன். சத்தமே இல்லை. கம்பிக்குள் மாட்டிக்கொண்ட கடதாசித் துணுக்குகளை எடுக்கத்தான் நேரம் போனது. ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்து, தாளோடு சேர்த்து அடுப்பில் போட்டேன்.

மறுநாள் காலை வத்தேகமவில் வேலை. வீட்டுக்குப் பின்னால் காய்ந்துபோன ஒரு பலா. பெரியதம்பி வந்ததும் வழக்கம்போல என் பையில் கைவிட்டுக் கொப்பியை எடுத்தான்.

“நேத்து ஒண்ணும் எழுதலியாண்ணே?”

“கொப்பில இருக்கிறதுதான்.”

அவன் ஒரு தாள் முன்னால் போனான். அதற்கு முதல் நாள் எழுதியது இருந்தது. பச்சை நல்லது. நீலம் நல்லது. மஞ்சள் கிளைக்கு மட்டும். எப்போதும் அவன் எடுப்பது பச்சையைத்தான், கைக்கு மெத்தென்று இருக்கும் என்பான். சாக்கிலிருந்து அதை இழுத்தெடுத்தான்.

“பச்ச சரிதானேண்ணே?”

“நான் எழுதினதுல என்ன இருக்கு?”

“நல்லதுன்னு இருக்கு.”

“அப்புறம் என்ன.”

“கணக்கப்புள்ள சொன்னா மறுபேச்சு இல்ல” என்று சிரித்துக்கொண்டு இடுப்பில் கட்டினான். சேர், நான் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. அவன் கயிற்றை மடக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என் எழுத்தை நம்பினான். அவன் அதற்கு ஒரு மரியாதை கொடுத்தது அந்த ஒரு தரம்தான்.

கயிறு மேலே கிளைக் கவட்டில் போய்த் திரும்பி என் கைக்கு வரும். அவன் ஏற ஏற நான் இழுத்து இழுத்துப் பிடிக்கவேண்டும். கூரை உயரம் போனான். பிறகு கூரைக்கு மேலே போனான். கூப்பிட நிறைய நேரம் இருந்தது. ஒருதரம் வாயைத் திறந்தும் பார்த்தேன். சந்திரகுமார், “என்ன லெட்சுமணன்?” என்றார். “ஒண்ணும் இல்ல” என்றேன். எழுத்தில் இல்லாததற்குப் பொறுப்பில்லை என்று சட்டம் போட்டவனே அவன்தான், நான் என்னத்தைச் சொல்ல. மேலே அவன் சரிந்து உட்கார்ந்து, பாரம் முழுவதையும் கயிற்றில் விட்டு, “இறுக்கிப் பிடிங்கண்ணே” என்றான். இறுக்கித்தான் பிடித்தேன். கை கயிற்றில் இருந்ததால் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. பாரம் திடீரென்று இல்லாமல் போனது.

விபத்து என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். யுகேஷ் வந்து உங்களிடம், முதல் நாள் அண்ணன் ஏதோ எழுதினார் என்று சொல்லாவிட்டால் நீங்களும் அப்படியே விட்டிருப்பீர்கள். நீங்கள் அந்தச் சுருள் கம்பிக் கொப்பியைத் திறந்து, வெறும் தாளில் பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தீர்கள். என் எழுத்து வெள்ளையாக எழும்பி வந்தது. பச்சை, ஆள் ஏறக்கூடாது. லோஜினி சொன்னது சரி, நான் கொத்தித்தான் எழுதுகிறேன். படித்தவன் எழுதியிருந்தால் பதிந்திருக்காது.

பிறகு பின்பக்க அட்டையையும் தேய்த்தீர்கள். அதில் பதினெட்டாயிரத்து அறுநூறு வந்தது. பெரியதம்பியின் பேரும் என் எழுத்தில் வந்தது. அவன் கிழித்த நாளிலிருந்து அது அங்கேயே இருந்திருக்கிறது, என் நெஞ்சுக்கு மேலே, சட்டைப்பைக்குள். எனக்குத் தெரியாது, சேர். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். தெரிந்திருந்தால் கயிற்றைப் பற்றி எழுதிய தாளைக் கிழித்திருப்பேனா என்று கேட்டீர்கள். அதற்கு நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கயிற்றை நான் வெட்டவில்லை. அவனைத் தள்ளவில்லை. அது அறுந்துவிடும் என்று எனக்குத் தெரியும், அவன் அதைத்தான் எடுப்பான் என்றும் தெரியும். தெரிந்துதான் தாளைக் கிழித்தேன். அதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

செத்தவீட்டுக்குப் போனேன். பெட்டி தூக்க ஆள் காணாது என்றார்கள், தோள் கொடுத்தேன். சுந்தரி கைப்பிள்ளையோடு வந்து, “அண்ணே, அவரு உங்களுக்கு ஏதாச்சும் தரணுமா?” என்று கேட்டாள். “ஒண்ணும் இல்லம்மா” என்றேன். வீட்டுக்கு வந்து கறுப்பு அட்டையை எடுத்து, பதினெட்டாயிரத்து அறுநூறுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

மற்ற மூன்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நூல் தைத்ததை மட்டும் சுந்தரியிடம் கொடுத்துவிடுங்கள், சேர். நான் அவர்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறேன் என்று எழுத்தில் இருந்தால், பிள்ளை வளர்ந்த பிறகு என்னைத் தப்பாக நினைக்காது.