கன்னியம்மாவுக்கு இறக்கிய செங்கல்

புதுச்சேரி பஸ் மரக்காணத்தைத் தாண்டும்போது நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். முன் சீட்டில் காவித் துண்டு போட்ட இருவர். மலையோர இருளர்களுக்குச் சேவை செய்யும் அமைப்பைச் சேர்ந்தவர்களாம்.

"கன்னியம்மா கூரைக்குக் கீழ இருக்க மாட்டாங்களாம்பா."

"யாரு ஜி சொன்னது?"

"அந்த ஜனங்கதான். அவங்க சாமி கடல்லதான் இருக்குதாம். மாசி மகத்துக்கு நாங்களே போய்ப் பாத்துப்போம், கோயில் வேணாங்கறாங்க."

"செங்கல் இறக்கிட்டோமே ஜி!"

"அத வச்சு அந்த ஜனங்களையே வீடு கட்டிக்கச் சொல்லிட்டேன்."

வெயிலில் உப்புக் குவியல்கள் மிதந்து மிதந்து பின்னால் போயின.

"செங்கல் குடுத்த முதலாளி, கோயில் எங்கன்னு கேட்டா?"

"இங்க கூட்டிட்டு வந்து காட்டுவேன்."

உப்பளத்துக்கு அப்பால் தெரிந்த கடலைப் பார்த்து அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.