மாமா எடுக்காத கையுறை

உன் அப்பா நிதானமாகக் குளிப்பவர். காதுக்குப் பின்னால் சோப்புப் போடவே தனியாக நேரம் ஒதுக்குகிறவர். நான் செய்த வேலைக்கு அந்த அவகாசம் தாராளம்.

உன் அப்பாவும் நானும் காலையிலிருந்து ஏன் ஒரு மாதிரி இருக்கிறோம் என்று நீ கேட்டதால் சொல்கிறேன். அவரை ஞாபகமறதிக்கு டாக்டரிடம் அழைத்துப் போகுமுன் உனக்குத் தெரிந்திருப்பதுதான் முறை.

பரணில் கிடந்த அந்தப் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டை அவருக்கு இறக்கிக் கொடுத்தவன் நான்தான். பங்களா முதலாளி நூலக அறையில் செத்துக் கிடப்பார். சமையல்காரி, தோட்டக்காரன், டாக்டர், மருமகன் என்று ஆளுக்கொரு பொய் சொல்வார்கள். தடயம் சேர்த்துக் கொலைகாரனைக் காட்ட வேண்டும். முகமெல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆனால் காலமெல்லாம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவருக்குக் கட்டத்துக்குள்ளேயும் திருட்டுமுழி தெரிந்தது.

"மாப்பிள்ளை, இந்த டாக்டர் ஆளே சரியில்ல. கேள்வி கேட்டா ஜன்னலைப் பாக்குறான். டிக்கெட் இல்லாதவன் அப்படித்தான் பாப்பான்."

சரியாகத்தான் சொன்னார். டாக்டர்தான் கொலைகாரன். கல்லூரி நாட்களிலேயே நான் முடித்த விளையாட்டு அது.

சிக்கல் என்னவென்றால், "இந்தக் கேஸை முடிச்சிட்டுப் பெரியவ வீட்டுக்குக் கிளம்புறேன்" என்று சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னபடி செய்கிறவர். யோசித்துப் பார். கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று ஊரையே கேட்டுவிட்டு வருகிறேன். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. வீட்டிலும், உன்னைக் குறை சொல்லவில்லை, அந்த வழக்கம் குறைவு. உன் அப்பாதான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மாப்பிள்ளை, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார். அப்பேர்ப்பட்ட மனிதரை வண்டியேற்றி அனுப்ப யாருக்கு மனசு வரும்.

அதனால் அவர் குளிக்கப் போன நேரம், அவர் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தை அழித்துவிட்டு, அதற்கு முந்தைய நாள் ஆட்டத்தை அந்த இடத்தில் வைத்தேன். அவ்வளவுதான். ரத்தமில்லை, சத்தமில்லை.

"நேத்து டாக்டர் பையிலேர்ந்து கையுறையை எடுத்தோமே?"

"எடுக்கலையே மாமா."

என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "எடுக்கல போல," என்றார்.

மறுபடி எடுத்தார். நான் கைதட்டினேன். அடுத்த நாளும் எடுத்தார். அன்றும் கைதட்டினேன்.

அதன்பிறகுதான் அவர், "நான் சாப்பிட்டேனாம்மா?" என்று உன்னிடம் கேட்கத் தொடங்கினார். தனியாகத் தெருவைக் கடப்பதை விட்டார். பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மாட்டேன், வழியில் எங்கேயாவது மறந்து விட்டுவிடுவேன் என்றார். நீ சமையலறையில் நின்று அழுதாய். "வயசானா வர்றதுதான்" என்று தேற்றியவன் நான். கண்ணைத் துடைக்கக் கொடுத்த கைக்குட்டையும் என்னுடையது. மறுநாளும் அவர் குளிக்கப் போனார். எனக்கு என் வேலை இருந்தது.

நீ டாக்டரிடம் நேரம் வாங்கியதும் கொஞ்சம் உறுத்தியது. நேற்று மாலை அவரிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கம்ப்யூட்டரை அணைத்தார். "அப்படியா," என்றார்.

இன்று காலை நடந்ததைத்தான் நீயே பார்த்தாயே. உன்னைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பேத்திக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். தனியாகத் தெருவைக் கடந்து பேப்பர் வாங்கி வந்தார். என்னைக் கண்டதும் மட்டும், "தம்பி யாரு, குழாய் ரிப்பேருக்கு வந்தவரா?" என்றார். சமையலறைத் தொட்டியைக் காட்டி, "அடியில ஒழுகுது, நல்லா குனிஞ்சு பாருங்க," என்றார். நானும் குனிந்து பார்த்தேன். ஒழுகவில்லை.

உன் அக்கா போனில் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலையும் கேட்டேன். "இப்போதைக்கு வரலம்மா. இங்க ஒருத்தன் தானாவே குத்தத்தை ஒத்துக்கிட்டான். தண்டனையை நிறுத்தி நிதானமாக் குடுக்கணும், நாளாகும்."

நம் வீட்டில் குற்றவாளியாம். விளையாட்டுக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது, பாவம். இந்த நிலையில் அவரை எங்கேயும் அனுப்ப முடியாது, நம்மோடுதான் இருக்க வேண்டும். டாக்டரிடம் சொல்லும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் சொல். அவருக்கு மறதி என்று முதலில் கண்டுபிடித்தவன் நான்தான்.