கண் இருக்கிறது, இமை எங்கே?

மாலையைப் போட்டுவிட்டு "சுருக்கமா பேசுங்க" என்று காதில் கிசுகிசுத்த விழாத் தலைவரான பெரிய டாக்டர் ஐயா அவர்களே! இந்த ஆள் என்ன சொல்லித் தொலைப்பானோ என்று கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும் நிர்வாகப் பெருமக்களே! ஓடி ஓடிக் கால் வீங்கிய செவிலித் தங்கைகளே! கட்டில் தள்ளும் தம்பிகளே! மருந்துச் சீட்டோடு வந்து, மின்விசிறிக் காற்றுக்காக இந்த மண்டபத்தில் ஒதுங்கியிருக்கும் தாய்மார்களே! என்னைவிட மூத்த பெரியவர்களே! அதோ, மேல்மூலையில் தொங்கியபடி என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் கேமரா அவர்களே! அனைவருக்கும் என் அன்பு கலந்த, ஆத்திரமும் கொஞ்சம் கலந்த வணக்கம்.

சற்றுமுன் இந்தத் திரையில் ஒரு படம் பார்த்தீர்கள். 'கேமரா காத்த உயிர்' என்று தலைப்பு. ஒரு கிழவர் கட்டிலை விட்டு இறங்குகிறார், தள்ளாடுகிறார், தடாலென்று விழுகிறார். சிஸ்டர் ஓடி வருகிறார். நீங்கள் கைதட்டினீர்கள். அந்தக் கிழவர் அடியேன்தான். முகத்தை மட்டும் மங்கலாக்கியிருக்கிறார்கள். நோயாளியின் கண்ணியத்தைக் காப்பாற்றுகிறார்களாம்! ஆஸ்பத்திரி அங்கியோ முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுவது. விழும்போது முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ஐயா, மறைக்க வேண்டியது எது, நீங்கள் மறைத்தது எது? என் முகத்தில் என்ன குற்றம் கண்டீர்கள்? அறுபத்தெட்டு வருஷம் ஊருக்குக் காட்டிய முகம்! ஊருக்கு ஒரு நாளும் காட்டாததையல்லவா பளிச்சென்று போட்டுவிட்டீர்கள்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். உங்கள் அளவுக்கும் உள்ளே அங்கி தைத்து வைத்திருக்கிறார்கள்.

நான் லாரி ஓட்டியவன். பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் இறக்கிவிட்டது. சரக்கு இறங்கும்வரை காத்திருந்த நேரத்தில், பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையெல்லாம் பிரித்துப் பிரித்துப் படித்தவன். ஆனாலும் நன்றி மறந்தவன் அல்ல. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தேன். "தாத்தா, தனியா எறங்காதீங்க, மணி அடிங்க" என்று சொல்லியிருந்தார்கள். மலைப்பாதையில் லாரி ஓட்டியவனுக்குக் கட்டிலிலிருந்து இறங்க மணியா? இறங்கினேன், விழுந்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தேன். மதியத் தூக்கத்தில் வார்டே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. மேசைத் திரையில் பார்த்துவிட்டு ஓடி வந்தவர், அதோ கதவோரம் நிற்கிறாரே, அந்தச் சின்ன சிஸ்டர். அந்தக் கேமராக் கண் இல்லையென்றால் இன்று இந்த வாய் இல்லை. ஒப்புக்கொள்கிறேன், உரக்கவே ஒப்புக்கொள்கிறேன்!

என்ன? முன்வரிசையில் யார் அது? "அப்புறம் என்ன குறை?" என்றா கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

இந்தப் படத்தை வெளிநோயாளிகள் கூடத்து டிவியில் காலை முதல் மாலை வரை ஓட விட்டிருக்கிறார்கள். என் மனைவி பித்தப்பைக் கல்லுக்கு ஸ்கேன் எடுக்க வந்தவள், அங்கே உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த அம்மாள், "ஐயோ பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றாராம். இவள், "என் மாமியார் பெத்த பிள்ளைதான், எங்க வீட்டுக்காரர்" என்றாளாம். முகம் மங்கலாக இருந்தால் என்ன? நாற்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு முகம் வேறு வேண்டுமா?

வீட்டுக்கு வந்தாள். "நான் இங்க அட்மிட் ஆகமாட்டேன்" என்றாள்.

"கல்லு அடைச்சுக்கிட்டா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரேடி."

"வலியத் தாங்கிக்கிறேன். டிவியில வரமாட்டேன்."

அன்றிலிருந்து, வலி வரும்போதெல்லாம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு வில்லாக வளைகிறாள். நான் பார்க்கிறேன். எந்தக் கேமராவும் பார்ப்பதில்லை.

என் மகன் படித்தவன். "அப்பா, உயிர் முக்கியமா, வெட்கம் முக்கியமா?" என்று கேட்டான். நான் சொன்னேன்: "டேய், செத்தவனுக்கு வெட்கம் கிடையாது. எனக்கு வெட்கமா இருக்குன்னா நான் பொழைச்சுட்டேன்னு அர்த்தம். பொழைக்க வச்சவங்க, பொழைச்சவனுக்கு வேண்டியதையும் தரணும்ல?"

நான் படுத்திருந்த வார்டில் ஒரு பழக்கம் பார்த்தேன். ஒருவருக்குக் கட்டிலடிப் பாத்திரம் வந்தால், பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு இருப்பவர்கள் சட்டென்று எழுந்து முதுகைக் காட்டி நின்றுகொள்வார்கள். ஒருவர் ஜன்னலைப் பார்ப்பார். இன்னொருவர் சுவரில் இல்லாத பல்லியைத் தேடுவார். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பார்க்கத் தெரிந்தவனுக்குப் பார்க்காமல் இருக்கவும் தெரிந்தது. அந்த ஒற்றைக் கண் மட்டும் திரும்பவே திரும்பாது! உடை மாற்றினாலும் பார்க்கும். ஒப்பாரி வைத்தாலும் பார்க்கும். எட்டாம் கட்டில் வாத்தியார் போர்வைக்குள் அழுதார். ஏன் ஐயா என்றேன். "மேல பாருப்பா. வெளிய அழுதா யாரோ பாத்துக்கிட்டு இருப்பான்" என்றார். மனிதன் அழுவதற்குக் கூட மறைவு இல்லாத இடத்தில், மருந்து மட்டும் எப்படி ஐயா வேலை செய்யும்?

தலைக்கு மேலே பாருங்கள், உங்கள் பதாகையை. 'கண்ணை இமை காப்பதுபோல் உங்களைக் காப்போம்.' அடடா! எழுதியவர் கைக்குத் தங்கக் காப்பே போடலாம். ஆனால் கேட்கிறேன்: கண்ணை வாங்கினீர்கள், கம்பி இழுத்து மாட்டினீர்கள், கைதட்டும் வாங்கிவிட்டீர்கள். கண் இருக்கிறது, இமை எங்கே?

என் லாரிக் கண்ணாடிக்கு அந்த அறிவு இருந்தது. நெடுஞ்சாலையில் விரித்து வைப்பேன். அது இல்லாமல் ஓட்டினால் ஆளைக் கொல்வேன். குறுகிய சந்து வந்தால் மடக்குவேன். மடக்காமல் நுழைந்தால் அடுத்தவன் வீட்டு ஜன்னலுக்குள் போகும். நான் கண்ணாடியை உடைக்கச் சொல்லவில்லை ஐயா. கீல் வைக்கச் சொல்கிறேன்!

மயக்கத்தில் கிடப்பவருக்குத் திறந்தே இருக்கட்டும். நினைவோடு இருப்பவர் கையில் ஒரு விசை கொடுங்கள். அழுத்தினால் கண் மூடட்டும், சிஸ்டர் மேசையில் விளக்கு எரியட்டும். நேரம் கடந்தும் திறக்காவிட்டால் மணி அடிக்கட்டும், மனிதர் வரட்டும். எங்கள் படத்தை எங்களைக் கேட்காமல் யாருக்கும் காட்டாதீர்கள். இதற்குமேல் ஓர் அங்குலம்கூட நான் இறங்கி வரமாட்டேன். கட்டிலிலிருந்து இறங்கியதே போதும்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என் மனைவி. காலடியில் ஒரு பை. மாற்றுப் புடவை, துண்டு, பிளாஸ்க். இந்த மண்டபத்துக்கு இரண்டு வாசல். ஒன்று வார்டுக்கு, ஒன்று பேருந்து நிறுத்தத்துக்கு. எதில் போவது என்று உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறாள். தலைவர் அவர்களே, என்ன சொல்கிறீர்கள்?

மைக்கில் சொல்லுங்கள் ஐயா, தலையாட்டினால் பின்வரிசைக்குக் கேட்காது. "முதல்ல ஒரு கட்டில்ல வச்சுப் பாப்போம்" என்கிறார். ஒரு கட்டிலா? மற்றவர்கள் எல்லாம் கல்லா? ஆங்... "வார்டு முழுக்கப் போடுறோம். விசை வர்றவரைக்கும் கேமராவுக்குத் துணி மூடி, கையில மணி. கேக்காம யார் படத்தையும் காட்டமாட்டோம்" என்கிறார். கேட்டீர்களா? பொறுங்கள், தட்டாதீர்கள், அவள் எழுந்து ஏதோ கேட்கிறாள்.

"அந்தத் துணி மூடிய இழுக்கிற நாடா யார் கையில டாக்டர்?"

அதுதான் கேள்வி! நான் இவ்வளவு நேரம் முழங்கியதை ஒரே வரியில் கேட்டுவிட்டாள்.

"உங்க கையிலதாம்மா" என்கிறார் டாக்டர்.

பையை எடுத்துவிட்டாள். வார்டு வாசலுக்குத்தான் போகிறாள். சின்ன சிஸ்டர், அவளை மெதுவாகக் கூட்டிப் போம்மா, நான் பின்னாலேயே வருகிறேன்.

வழிவிட்ட தாய்மார்களுக்கும், வாக்குக் கொடுத்த தலைவருக்கும், வாய் திறந்து சிரித்த அனைவருக்கும் நன்றி. கடைசியாக, மூலையில் இருக்கும் கேமரா அவர்களே! இப்போது டாக்டர் சொன்னது உங்களிடம் பதிவாகியிருக்கும். அதை அழித்துவிடாதீர்கள். வெளிக்கூடத்து டிவியிலேயே போடுங்கள், நானே அனுமதி தருகிறேன். இந்த முறை முன்பக்கம் காட்டி நிற்கிறேன். முகத்தை மங்கலாக்க வேண்டாம்.

வணக்கம்!