ரூனா எடுத்து வைத்த செடி

– முதல்ல அந்தக் கத்தரியப் பைக்குள்ள வை, எஸ்கில். அப்புறம் பேசு.

– இன்னும் ஒண்ணும் வெட்டல, பிர்கிட். தொட்டுத்தான் பாத்தேன்.

– தொட்டுப் பாக்கறதுக்குக் கத்தரி எதுக்கு? காலங்காத்தால பொண்ணோட கல்லறை முன்னால முட்டி போட்டு உக்காந்திருக்கே. கேட் பக்கத்துல இருந்து பாத்துட்டு, மனுஷன் ஜெபம் பண்றான் போலன்னு நெனச்சேன். எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.

– நீ இன்னிக்கு வரமாட்டேன்னு நெனச்சேன். புதன்கிழமைன்னா உனக்கு லைப்ரரி இருக்குமே.

– அதனாலதான் புதன்கிழமையாப் பாத்து வந்தியா?

– ஆமா.

– திருடவும் தெரியல, பொய் சொல்லவும் தெரியல. பையில வேற என்ன?

– ஈரத்துணி. பிளாஸ்டிக் கவர். அப்புறம் மத்தியானத்துக்கு ரொட்டி.

– ஈரத்துணியையும் ரொட்டியையும் ஒரே பையில வெச்சிருக்கே. நீ மாறவே இல்ல. விவாகரத்து வாங்கினது சரிதான்.

– கேளேன், பிர்கிட். கோவப்படாமக் கேளு. ஜூலையில பெரியவர் ஆக்செலை அடக்கம் பண்ண வந்தோமில்ல, எல்லாரும் காபிக்குப் போனப்போ நான் மட்டும் இங்க வந்தேன். எட்டு வருஷத்துல கோடைக்காலத்துல நான் இங்க வந்தது அன்னிக்குத்தான்.

– எனக்குத் தெரியாதா? கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வருவே. மெழுகுவத்தி ஏத்துவே. பத்து நிமிஷம் நிப்பே. அப்புறம் கார் சத்தம் கேக்கும்.

– அப்போ பனி தாக்காம இருக்க எல்லாக் கல்லறையையும் மரக்கிளை போட்டு மூடியிருப்பாங்க. அடியில செடி இருக்கா, எப்படி இருக்குன்னு ஒண்ணும் தெரியாது. வெயில்ல வந்து பாத்தாத்தானே தெரியும். ஜூலை அவ செத்துப்போன மாசம், அப்போ இந்தப் பக்கம் வர எனக்குத் தைரியம் இல்ல.

– எனக்கு மட்டும் யாராவது தைரியத்தைக் கட்டிக் கொடுத்தாங்களா?

– இல்ல. தப்பாச் சொல்லிட்டேன்.

– சரி, மேல சொல்லு.

– இதைப் பாரு. எட்டு வருஷம் ஆச்சு. ஒரு லாவெண்டர் எட்டு வருஷத்துல என்ன ஆகும்னு உனக்கே தெரியும். அடி மரமாகிடும். நடுவுல ரெண்டாப் பிளந்துக்கும். என் தலை மாதிரி மேல சொட்டை விழுந்துடும். இது எப்படி நிக்குது பாரு, சுட்டு எடுத்த பன் மாதிரி. யார் வெட்டி விடறா?

– யாரும் வெட்டல. கல்லறைத் தோட்டக்காரர் ரெண்டு தடவை கத்தரியோட வந்தார். ரெண்டு தடவையும் விரட்டிட்டேன்.

– வெட்டாமலே இப்படியா? அப்போ இன்னும் பெரிய விஷயம். நிறத்தைப் பாரு, பிர்கிட். ஆகஸ்ட் முடியப் போகுது, ரெண்டாம் தடவை மொட்டு வெச்சிருக்கு. ஒரு சின்னத் தொட்டியில வெச்சு, காத்தடிக்கிற பால்கனியில விட்டாக்கூட சாயாது. முப்பத்தொரு வருஷமா வருஷத்துக்கு மூவாயிரம் நாத்து போட்டு, மூவாயிரத்தையும் பிடுங்கி எறிஞ்சிட்டு, மறுபடியும் போட்டு... நான் தேடினது இதைத்தான்.

– உன் வயசுல ஆம்பளைங்க வேற என்னென்னமோ தேடறாங்க. நீ தேவலாம்.

– சிரிக்காத.

– சிரிக்கல. எத்தனை வேணும் உனக்கு?

– நாப்பது கட்டிங். பூ வைக்காத தளிராப் பாத்து, விரல் நீளத்துக்கு. செடிக்குத் தெரியவே தெரியாது.

– அப்புறம்?

– வேர் பிடிக்க வெச்சு, ரெண்டு வருஷம் வயல்லயும் தொட்டியிலயும் வளத்துப் பாக்கணும். எல்லாம் ஒரே மாதிரி வந்துச்சுன்னா, புது ரகம்னு பதிவுக்கு மனு போடலாம். படிவத்துல பாதி எழுதி வெச்சுட்டேன்.

– பேர் என்ன எழுதினே?

– அதுக்கு இன்னும் நேரம் இருக்கு.

– பேர் என்ன எழுதினே, எஸ்கில்?

– ரூனா.

– கூடாது.

– நான் சொல்றதைக் கொஞ்சம்...

– கூடாதுன்னா கூடாது. சூப்பர்மார்க்கெட் வாசல்ல, அடுப்புக்கரி மூட்டைக்குப் பக்கத்துல அடுக்குவாங்க. ரூனா, ரெண்டு வாங்கினா மூணாவது இலவசம். அக்டோபர்ல காஞ்சு போனதும் பாதி விலைன்னு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. அவ பேர் மேலயே ஒட்டுவாங்க. நான் பால் வாங்கப் போறப்போ அதையெல்லாம் பாத்துக்கிட்டு வரணுமா?

– நீ சொல்றது புரியுது.

– புரியல. புரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டே.

– என் வீட்டுல யாரும் அவ பேரைச் சொல்றதில்ல, பிர்கிட். லோனெயைக் கட்டிக்கிட்ட புதுசுல அவ கேட்டுப் பாத்தா, ரூனாவுக்கு என்ன பிடிக்கும், எப்படி இருப்பான்னு. நான் சாப்பாட்டுல பாதியில எழுந்து போயிடறேன்னு அவளும் விட்டுட்டா. செடி நர்சரியில இருந்த பழைய ஆளுங்களும் போயாச்சு. இப்ப இருக்கறவங்களுக்கு எனக்கு ஒரு பொண்ணு இருந்ததே தெரியாது. எங்கயோ ஒரு ஊர்ல, முகம் தெரியாத ஒருத்தி பால்கனியில நின்னு, ரூனா இந்த வருஷம் நல்லாப் பூத்திருக்கான்னு பக்கத்து வீட்டுக்குச் சொல்லணும். எனக்கு அது போதும்.

– பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நீ தூக்கிப் போட்ட செடி. அதை மறந்துட்டியா?

– மறக்கல.

– குப்பைமேட்டுல முழங்கை வரைக்கும் கையை விட்டுத் தேடினேன். அடக்கம் முடிஞ்ச மறுநாள். அந்தக் கறுப்பு உடுப்போட. ரூனா அதுல சிவப்பு நூல் கட்டி வெச்சிருந்தா, அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். உன் கண்ணு முன்னாலதான் இங்க நட்டேன். ஏன் தெரியுமா? உனக்கு வலிக்கணும்னு.

– வலிச்சுது. இன்னும் வலிக்குது. அதைச் சொல்லத்தான்... உக்காரேன். அந்தப் பெஞ்சுல உக்காரு. ஈரமா இருக்கு, இந்தா, என் கோட்டை விரிச்சுக்கோ.

– கோட்டெல்லாம் வேண்டாம். நின்னுக்கிட்டே கேக்கறேன்.

– அவ போன அன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னு நான் உன்கிட்ட சொன்னது பொய்.

– எது பொய்?

– ஹெல்மெட் போடாமக் கிளம்பினா, அதுக்குத்தான் திட்டினேன்னு சொன்னேன் இல்ல? போலீஸ்கிட்டயும் அதையேதான் சொன்னேன். ஹெல்மெட்டே இல்ல விஷயம். இந்தச் செடிதான்.

– சொல்லு.

– ரெண்டாவது வருஷ நாத்துங்களைத் தரம் பிரிச்சுக்கிட்டு இருந்தோம். முந்தின ராத்திரி நல்ல மழை. அவ நூல் கட்டினது லேசா ஒரு பக்கம் சாஞ்சிருந்துச்சு. நான் பிடுங்கிட்டேன். மழையில சாயறது நாளைக்குப் பிளக்கும், இதான் என் கணக்கு. அவ சொன்னா, அப்பா, இதுக்கு இன்னும் மூணு வருஷம் கொடு, இதோட அடித்தண்டைப் பாரு, இது பிளக்காதுன்னு. நான் பாக்கல. குப்பை வண்டியில வீசிட்டேன். அவ வண்டியில இருந்து எடுத்தா. நான் அவ கையில இருந்து பிடுங்கி மறுபடி வீசினேன். ஆளுங்க ஆறு பேர் பாத்துக்கிட்டு நின்னாங்க.

– ஆறு பேர் முன்னாலயா?

– ஆமா. அப்போ சொன்னேன், உனக்குக் கண்ணே கிடையாது ரூனா, இந்தத் தொழில் உனக்கு வராது, காலேஜுக்குப் போய் வேற ஏதாவது படின்னு. அவ கையுறையைக் கழட்டி வரிசையோட கோடியில வெச்சா. சைக்கிளை எடுத்தா. அடுத்தது நகரத்து சிக்னல், வலது பக்கம் திரும்பின லாரி.

– எட்டு வருஷம் என்கிட்ட ஹெல்மெட்னு சொன்னே.

– ஹெல்மெட்னா தப்பு அவ பேர்ல கொஞ்சம் போகுது இல்ல. அதுக்குத்தான். நான் எவ்வளவு கேவலமானவன்னு எனக்குத் தெரியும், நீ சொல்ல வேண்டாம்.

– நான் ஒண்ணும் சொல்லலையே.

– அவ சொன்னதுதான் சரி, பிர்கிட். மூணு வருஷம் கொடுன்னு கேட்டா. எட்டு வருஷம் ஆச்சு, நிக்குது. முப்பத்தொரு வருஷம் இதே வேலையா இருந்த எனக்குத் தெரியாதது அவளுக்குப் பத்தொன்பது வயசுல தெரிஞ்சிருக்கு. கண்ணு இல்லாதவன் நான்தான். இதை இனிமே அவகிட்ட சொல்ல முடியாது. படிவத்துல எழுதத்தான் முடியும். உருவாக்கியவர்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என் பேரைப் போடல. அவ பேரைத்தான் போட்டிருக்கேன். இறந்தவங்க பேரைப் போடலாமான்னு ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அங்க போன் எடுத்த பொண்ணு ரெண்டு தடவை காத்திருக்கச் சொல்லிட்டுப் போய்க் கேட்டுட்டு வந்தா.

– என்ன சொன்னா?

– போடலாமாம். வாரிசு கையெழுத்து ரெண்டு வேணுமாம். ஒண்ணு நான். இன்னொண்ணு நீ. பிர்கிட்? என்ன ஆச்சு?

– அந்தக் கோட்டைக் கொடு. உக்காரணும் போல இருக்கு.

– காபி இருக்கு, ஊத்தட்டுமா?

– வேண்டாம். நீயும் உக்காரு.

– சரி.

– எட்டு வருஷமா இதைத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன். அவ சொன்னதுதான் சரின்னு உன் வாயால வரணும்னு. ஹெல்மெட் கதையை நான் என்னிக்கும் நம்பினதில்ல. அவ ஹெல்மெட் இல்லாம தெருமுனை வரைக்கும்கூடப் போகமாட்டா. ஏதோ இந்தச் செடியிலதான் ஆரம்பிச்சிருக்குன்னு தெரியும், என்னன்னு தெரியாது. இன்னிக்கு நீயே சொல்லிட்டே. எனக்கு நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன்.

– இல்லையா?

– இல்ல. கட்டிங் எடுத்துக்கோ, எஸ்கில். நாப்பது இல்ல, நூறு எடுத்துக்கோ. ஆனா அவ பேரைப் போடாத.

– சூப்பர்மார்க்கெட் ஸ்டிக்கருக்காகவா? அதுக்கு வேணா ஒப்பந்தத்துல...

– அதுக்கில்ல.

– என் மேல கோவமா?

– கோவமா இருந்தா எனக்கு எவ்வளவோ சுலபம். கையெழுத்தும் போட்டுட்டு, மூஞ்சியிலயும் ஒண்ணு விட்டுட்டுப் போயிருப்பேன். இந்தச் செடிக்கு வேற எந்தப் பேர் வேணும்னாலும் வை. லோனெ பேரை வை, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

– ஏன்? இது ரூனாவோட செடி.

– இது அவ செடி இல்ல.

– என்ன பேசறே? நீ நட்டதைப் பக்கத்துல நின்னு பாத்தேனே.

– நட்டது அதுதான். அது அடுத்த வருஷமே செத்துப்போச்சு. இது பெட்ரோல் பங்க் வாசல்ல வாங்கினது. ஒரு தட்டுல இருபது நின்னுச்சு, எல்லாம் விதையில முளைச்ச மலிவுச் செடி, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. நிறம் கொஞ்சம் கிட்ட வந்ததைப் பொறுக்கிட்டு வந்து, விடியறதுக்குள்ள வெச்சேன். யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் வெச்சேன்.

– பெட்ரோல் பங்க்லயா?

– ஆமா. இவ்வளவு நல்லா வரும்னு நான் கண்டேனா? நீ தேடினது கிடைச்சிருக்கு. எடுத்துட்டுப் போ.

– அது கிடக்கட்டும். அவ செடி என்ன ஆச்சு? பிர்கிட், என்னைப் பாரு. அது பிளந்துக்கிச்சா? நான் சொன்ன மாதிரியே பிளந்துடுச்சா?

– பிளக்கல.

– மறைக்காமச் சொல்லு. தாங்கிக்கறேன்.

– பிளக்கல, எஸ்கில். பிளக்குமா பிளக்காதான்னு காட்டறதுக்கு அதுக்கு நாள் கிடைக்கல. அவ சொன்னது சரியா, நீ சொன்னது சரியான்னு இனிமே யாருக்குமே தெரியாது.

– அப்போ குளிர்தான். அந்த வருஷம் பிப்ரவரியில மண்ணு ஒரு முழம் ஆழத்துக்கு உறைஞ்சு போச்சு. என் வயல்லயே பாதி போச்சே. உன் தப்பு இல்ல.

– குளிர் இல்ல. நான்தான். முதல் வருஷம் பூரா காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து தண்ணி ஊத்தினேன். லாவெண்டருக்கு ஈரம் ஆகாதுன்னு, இருபத்தாறு வருஷம் உன் கூட இருந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அவளுக்குச் செய்ய எனக்கு வேற ஒண்ணுமே இல்லாமப் போச்சு. வேர் அழுகற வரைக்கும் ஊத்தினேன்.