பெரியவர் பொய் சொன்னதில்லை

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது தெரியாது. ஒரு பழைய காகிதம் இருந்தால் கொடுங்கள், நாலாக மடித்துக் கீழே வைத்துக்கொள்கிறேன். ஆடுகிற எதன் மேலும் என்னால் உட்கார முடியாது. கையும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கயிறு பிடித்துப் பழகிய கை.

வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் தபால்காரரின் மருமகளை உட்கார வைத்திருக்கிறீர்கள். மாமனாரைக் கொன்றவள் என்று ஊர் சொல்கிறது. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஏன் என்று சொல்கிறேன். ஆனால் மணிகளின் கதையிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் தேவாலயத்தில் மூன்று மணிகள். மூத்தது ஊமை. அது ஊமையாகப் பிறக்கவில்லை. கோபுரம் கட்டிய காலத்தில் வீட்டுக்கு ஒரு பாத்திரம் கொடுத்து வார்த்த மணி அது. கொடுக்க மனசில்லாத யாரோ ஓட்டைச் செம்பைக் கொடுத்ததால்தான் ஓசையில் ஒரு கரகரப்பு என்று ஊரில் சொல்வார்கள். யார் வீடு என்று மட்டும் இன்னும் சண்டை தீரவில்லை. தீப்பிடித்தால் அடிப்பது அந்த மணியைத்தான். அடித்தவர் என் அப்பா.

ஒரு கோடையில் செங்கல் சூளைப் பக்கம் வானம் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு அப்பா தீ என்று அடித்துவிட்டார். ஊரே வாளியும் குடமுமாக ஓடியது. சூளைக்காரர் வாசலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாராம். சிரிப்பான சிரிப்பு. அதே கோடையில் மாவு மில் நிஜமாகவே எரிந்தது. அப்பா உள்ளங்கைத் தோல் உரிய உரிய அடித்தார். "புளுகுமணிக்கு வேற வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு ஊர் புரண்டு படுத்துக்கொண்டது. மில்காரரையும் அவர் மனைவியையும் காலையில் கூட்டித்தான் அள்ளினார்கள்.

தங்கள் சோம்பலுக்கு உண்டான தண்டனையை மணிக்குக் கொடுத்தார்கள். நாக்கைக் கழற்றி, கல்லறைத் தோட்டத்து மூலையில் கவிழ்த்து வைத்தார்கள். இன்றைக்கும் அது அங்கேதான் கிடக்கிறது. அப்பாவுக்குப் புளுகுமணி என்ற பேர் நிலைத்தது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் "என்னப்பா?" என்று திரும்பிப் பார்ப்பார், கூடவே சேர்ந்து சிரிப்பார். சாகிற வரைக்கும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

பிறகு வந்தவர்தான் பெரியவர். துக்கத்துக்கு மட்டும் அடிக்கிற மணி. ஜெபத்துக்கு அடிக்கிற குட்டி மணிக்குச் சின்னவள் என்று பேர். பட்டுத் தெளிந்த ஊர் இந்தத் தடவை கட்டுப்பாடும் கொண்டுவந்தது. சாவு விழுந்த வீட்டில், கோபுரத்தைப் பார்த்த மாடி ஜன்னலில் வெள்ளைத் துணி தொங்க வேண்டும். யார் ஓடிவந்து வாயால் சொன்னாலும் அடிக்கக் கூடாது, துணியைப் பார்த்தால்தான் அடிக்கலாம். மணி நின்றதும் எல்லார் வீட்டிலும் அடுப்பை அணைத்து, குளித்து, நல்ல துணி மாற்றிக்கொண்டுதான் சாவு வீட்டுக்குக் கிளம்புவார்கள். அதற்கு முன்னால் அந்த வாசலை மிதிக்கிறவன் மணிக்காரன் ஒருவன்தான். அவன் போய் ஜன்னல் துணியை இறக்க வேண்டும்.

பாதிரியார் என் கையில் கயிற்றைக் கொடுத்தபோது பலர் முகம் சுளித்தார்கள். புளுகுமணி பெற்றது வேறெப்படி இருக்கும் என்று என் காதுபடவே பேசினார்கள். ஆனால் என் கையில் பெரியவர் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. மெல்ல மெல்ல அந்தப் பேர் தேய்ந்தது. "மணிக்காரரே" என்று என்னை முதலில் கூப்பிட்டவர் தபால்காரர். தெரு நடுவில், நாலு பேர் கேட்கக் கூப்பிட்டார். நான் நன்றி மறந்தவன் இல்லை, ஐயா.

அவர் படுத்த படுக்கையானதும் எனக்கு நிலைகொள்ளவில்லை. இன்றைக்கா நாளைக்கா என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோபுரத்தில் ஏறுவேன், ஜன்னலைப் பார்ப்பேன், இறங்குவேன், பாதிப் படியில் சந்தேகம் வந்து மறுபடி ஏறுவேன். சாப்பாட்டுத் தட்டோடு வாசலுக்கு வந்து நிற்பேன். "மனுஷன் பொழைச்சு வந்தா உங்களுக்கு நஷ்டமா?" என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு விளையாட்டு. அவருக்கு நன்றாக அடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் நினைப்பு.

விடாத மழைக்குப் பிறகு ஒரு காலையில் வெயில் வந்தது. ஜன்னலில் வெள்ளைத் துணி தொங்கியது.

அடித்தேன். அதுபோல நான் எப்போதும் அடித்ததில்லை. கண்ணில் நீர் வந்தது என்பதையும் மறைக்கவில்லை. கயிற்றைக் கட்டிவிட்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மாடிக்குப் போய்த் துணியை இழுத்தேன். ஈரமாக இருந்தது. சோப்பு வாசனை அடித்தது.

"யாருக்கு மணின்னு எண்ணிப் பார்த்தேன், மணிக்காரரே. இந்தத் தெருவுல சாகக் கிடக்கிறது நான் ஒருத்தன்தான்" என்றது கட்டிலில் இருந்து ஒரு குரல்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. பக்கத்தில் காலிக் கிண்ணம் இருந்தது. மருமகள் போர்வையைத் துவைத்து வெயில் பட்ட இடத்தில் காயப்போட்டுவிட்டு மருந்து வாங்கப் போயிருக்கிறாள். வெளியூர்ப் பெண், அவளுக்கு ஜன்னல் ஜன்னல்தான். அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை.

தபால்காரர் சிரித்தார். இருமல் வந்து, அது அடங்கியதும் மறுபடி சிரித்தார். "செத்தவன் எவனும் இதைக் கேட்டதில்ல. நான் கேட்டுட்டேன். நல்லாத்தான் அடிச்சீங்க."

தெருவில் ஒவ்வொரு வீடாக அடுப்புப் புகை நின்றுகொண்டிருந்தது ஜன்னலில் தெரிந்தது. எல்லாரும் குளித்துக்கொண்டிருப்பார்கள். நல்ல துணி கட்டிக்கொண்டு வரிசையாக வரப் போகிறார்கள். வந்து பார்த்தால் பிணம் உட்கார்ந்து சிரிக்கும். பெரியவரின் நாக்கையும் கழற்றுவார்கள். எல்லாருக்கும் முந்தி யார் வாயில் அந்தப் பழைய பேர் வரும் என்றுகூட எனக்குத் தெரியும்.

தலையணை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பலமில்லாத உடம்பு, அதிகம் சிரமப்படுத்தவில்லை. பிறகு அவர் கண்ணை மூடிவிட்டு, போர்வையை மடித்து வைத்தேன். ஈரத்தோடு மடித்தது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த அரைகுறை வேலை.

மருமகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். யாருக்கு மணி என்று கடையில் விசாரித்திருக்கிறாள். "உன் மாமனாருக்குத்தாம்மா" என்றார்களாம். "நான் கிளம்பும்போது சாப்பிட்டுக்கிட்டு இருந்தாருங்க. நான் துணி போடலையே. அது காயப்போட்ட போர்வைங்க" என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை அதையே சொல்கிறாள். மூக்குக்குள் தலையணைப் பஞ்சு இருந்ததாக டாக்டர் சொன்னதும், வெளியூர்க்காரியையா மணியையா, யாரை நம்புவது என்று ஊர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கொன்றுவிட்டுத் துணி தொங்கவிட்டாள், மணி நேர்மையாக அடித்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு பாவமும் அறியாத பெண் தண்டனை அனுபவிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை நான்.

ஒன்று விட்டுப்போயிற்று. தூக்கத்தைக் கெடுப்பது அதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். சிரித்து முடித்த பிறகு தபால்காரர் என் முகத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் இப்படி நடுங்குறீங்க? பழியை என் மேல போட்டுடலாம். எனக்கு அடிக்கிற மணியைக் கேட்டுட்டுச் சாகணும்னு ஆசை, நான்தான் துணியைத் தொங்கவிடச் சொன்னேன்னு சொல்லிடுறேன். கெழவனுக்குக் கிறுக்குன்னு விட்டுடுவாங்க. உங்களை ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நல்ல மனுஷன். சொன்னால் செய்கிறவர். ஊரும் நம்பியிருக்கும். அவர் அதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் காத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் தலையணையை உருவினேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். ஊர் நம்பினாலும் பெரியவர் அடித்தது பொய்தானே, ஐயா. அது எனக்குத் தெரியுமே.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். நடந்தது உங்களுக்கும் எனக்கும் தெரிந்தால் போதும். காகிதத்தில் ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்றிப் போடுங்கள். நான் முதலில் தபால்காரரைக் கொன்றேன், பிறகு கோபுரத்துக்குப் போய் மணியடித்தேன் என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் தண்டனை அதிகம் என்கிறீர்கள். பரவாயில்லை, கையெழுத்துப் போடுகிறேன்.