‘மற்றவை’யில் போட்ட பணிக்கொடை

என் பெயர் திலகா, வயது 27, தகப்பனார் பெயர் எல்லப்பன், விலாசம் மாகறல் கிராமம், காஞ்சிபுரம் மாவட்டம். பி.காம். படித்திருக்கிறேன். உத்திரமேரூரில் ஒரு அலுவலகத்தில் நான்கு வருடமாக வேலை செய்து வருகிறேன். கம்பெனிகள் அரசாங்கத்துக்குக் கொடுக்கும் ஆண்டுக் கணக்கில், ஒவ்வொரு தொகைக்கும் அது இன்னது என்று சொல்லும் டேகைக் கம்ப்யூட்டரில் ஒட்டுவது என் வேலை. எல்லாக் கம்பெனிக்கும் டேக் பட்டியல் ஒன்றுதான். அதனால் யார் எடுத்துப் பார்த்தாலும் எது என்ன தொகை என்று தெரியும்.

என் தாயார் சிட்டம்மாள் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் தையல் வேலை செய்தவர். சென்ற மார்ச்சில் கம்பெனி உற்பத்தியை நிறுத்தி எல்லோரையும் வெளியே அனுப்பியது. அதன் பிறகு கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடையைக் கேட்கப் போனபோதெல்லாம், "உங்களுக்குன்னு ஒண்ணும் எடுத்து வெக்கல, போம்மா" என்று கேட்டிலேயே விரட்டினார்கள்.

அக்டோபர் 14ஆம் தேதி காலை அதே கம்பெனியின் கணக்கு என் மேஜைக்கு வந்தது. அதில் தொழிலாளர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணிக்கொடைக்கு எடுத்து வைத்த தொகை இந்த வருடம் ஒரு கோடியே எண்பத்தாறு லட்சம், போன வருடம் ஒரு கோடியே ஐம்பத்திரண்டு லட்சம் என்று இருந்தது. இரண்டுக்கும் பணிக்கொடை டேகை ஒட்டினேன்.

அதன் பிறகு சூப்பர்வைசர் சுகுமார் வந்து, "இத்த 'மற்றவை'ல போடு, கம்பெனி பார்ட்டி சொல்லிக்கீறாங்க" என்றார். "தனி டேக் கீது சார், டேக் இல்லாததுக்குத்தான் மற்றவை" என்றேன். "யாரு இன்னா பாக்கப் போறாங்க? உன் வேலயப் பாத்துக்கினு போ" என்றார். நான் பார்த்தது என் வேலையைத்தான்.

எங்கள் அலுவலகத்தில் அவரவர் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருப்போம். யாராவது லீவு போட்டால் வேலை நிற்கக் கூடாதென்று சுகுமார் செய்த ஏற்பாடு அது. நான் சாப்பிட்டுவிட்டு 1.45க்குத் திரும்பியபோது, இந்த வருடத் தொகை என் பெயரிலேயே 'மற்றவை'க்கு மாறியிருந்தது. அவசரத்தில் போன வருடத் தொகையை மாற்ற மறந்திருந்தார்கள். தவறு கண்டால் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. அது அப்படியே வெளியே வரட்டும் என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு கணக்கு அரசு இணையதளத்தில் ஏறும்வரை காத்திருந்து, நவம்பர் 2ஆம் தேதி என் போனில் கட்டணம் கட்டி இறக்கி, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துத் தாயாரிடம் கொடுத்தேன். அவரும் அவருடன் வேலை செய்த நாற்பத்து மூன்று பெண்களும் அதைக் கம்பெனி கேட்டில் ஒட்டி, "எடுத்தே வெக்கலன்னீங்களே, போன வருஷம் வெச்சது எங்க?" என்று கேட்டார்கள். மறுநாள், ரகசியத்தைத் திருடினேன் என்று என் அலுவலகம் போலீசில் புகார் கொடுத்தது.

கட்டணம் கட்டிய எவரும் பார்க்கக்கூடியது எப்படி ரகசியமாகும்? என் பெயரில் புகுந்து மாற்றியவர்கள் யோக்கியர்கள், நான் திருடியா? என் வேலை போனால் போகட்டும். என் தாயாருக்குப் பதினோரு வருடப் பணிக்கொடை வர வேண்டும்.

மேற்கண்ட வரியை, இந்த வாக்குமூலத்தை எழுதிய காவலர் முதலில் 'பணிக்கொடை முதலான மற்றவை வர வேண்டும்' என்று எழுதினார். 'மற்றவை'யை அடித்துவிடச் சொன்னேன். "ஒரு வார்த்ததானம்மா" என்றார். அவர் அதை அடித்துத் திருத்தி எழுதிய பிறகு, முழுவதும் நானே படித்துப் பார்த்து, சொன்னது சொன்னபடி இருப்பதால் இப்போது கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
எ. திலகா